நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி ஏன் வளைய மறுக்கிறது? ஆட்டோகிராஸ் சஸ்பென்ஷன், டிஃபரன்ஷியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, நண்பர் ஒருவரின் பட்டா நிலம் இருக்கிறது. உப்பு பூத்த களர் மண். ஓரத்தில் பனையும் சீமைக்கருவேலமும், நடுவில் எதுவும் விளையாத பொட்டல். அங்கேதான் ஞாயிற்றுக்கிழமைகளில் கோன் வைத்து ஓட்டிப் பழகுகிறோம். கீழக்கரை, தொண்டி, சாயல்குடி என்று பல ஊர்களிலிருந்து தம்பிகள் வண்டியோடு வருகிறார்கள். டஸ்டர், ஜிப்ஸி, ஜிம்னி, ஸ்கோடா என்று வண்டிகள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. பட்டறையில் நின்று துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்வியை வைத்து இங்கே எழுதியிருக்கிறேன்.

ஆட்டோகிராஸ்னா ரேஸ் தானே அண்ணே? அதுக்கு எதுக்கு இவ்வளவு செட்டிங்?

ரேஸில் பல வண்டிகள் ஒன்றாக ஓடும். ஆட்டோகிராஸில் ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான், போட்டி கடிகாரத்தோடு. பாதை கோன்களால் ஆனது. பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே முடிந்துவிடும். நீண்ட நேர்ப்பாதை இருக்காது, வளைவுக்குப் பின் வளைவு வரும். எஞ்சின் பலத்தைவிட வண்டி எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்பதே நேரத்தைத் தீர்மானிக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனையும், சக்கரங்களுக்குப் பலத்தைப் பங்கிடும் டிஃபரன்ஷியலையும் நாங்கள் விடாமல் பிடித்துக்கொள்வது அதனால்தான்.

நம் நாட்டில் மண் மைதானத்திலும் நடக்கிறது, தாரிலும் நடக்கிறது. எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு) விதிகளின்படி நடக்கும் போட்டியில் ஒவ்வொரு பிரிவுக்கும் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று வரையறை உண்டு. சாமான் வாங்கும் முன் அந்த விதியைப் படியுங்கள். வாங்கிய பிறகு படித்து வருந்தியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

நாலு வீலும் இழுக்குது. அப்புறம் ஏன் வண்டி வளைய மாட்டேங்குது?

இந்தத் தொகுப்பே இந்தக் கேள்விக்காகத்தான். டயருக்கு ஒரு அளவு பிடிதான் உண்டு. அதை பிரேக்குக்கும் திரும்புவதற்கும் இழுப்பதற்கும் பங்கு போட்டுத் தருகிறது. ஆல் வீல் டிரைவ் வண்டிகளில் பெரும்பாலானவை எஞ்சின் முன்னால் இருந்து, முன்பாரம் கூடியவை. பின்சக்கரத்துக்கும் பலம் போனாலும் முன் டயர் மூன்று வேலையையும் செய்தாக வேண்டும். அது களைத்துவிட்டால், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகவே வழுக்கிக்கொண்டு போகும். இதுதான் அண்டர்ஸ்டியர். 1980-ல் வந்த ஆடி குவாட்ரோ ராலி உலகத்தையே புரட்டிப் போட்ட வண்டி. ஐந்து சிலிண்டர் எஞ்சின் முன் அச்சுக்கும் முன்னால் தொங்கியதால் அதற்கும் இதே நோய் இருந்தது.

நான் எப்போதும் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்த இடத்தில் வளையவில்லை? வளைவை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிரேக்கை விட்டு ஸ்டியரிங்கைத் திருப்பும் நுழைவு, பிரேக்கும் இல்லாமல் ஆக்சிலரேட்டரும் இல்லாமல் உருளும் நடு, ஆக்சிலரேட்டரை மிதிக்கும் வெளியேற்றம். நுழைவில் நோய் இருந்தால் ஷாக் அப்சார்பர், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு), ஓட்டும் முறை ஆகியவற்றைப் பாருங்கள். நடுவில் இருந்தால் ஸ்பிரிங், ஆன்டி-ரோல் பார் (வண்டி சாய்வதைக் குறைக்க இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி, இனி வெறும் 'பார்'), கேம்பர் (முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்), டயர் காற்று. வெளியேற்றத்தில் இருந்தால் டிஃபரன்ஷியல். இதைச் சொல்லாமல் 'வண்டி வளையல' என்று மட்டும் சொன்னால் என்னால் மருந்து சொல்ல முடியாது.

என்னோடது 4x4. அதுவும் ஆல் வீல் டிரைவும் ஒண்ணு தானே?

இல்லை. இங்கே வரும் வண்டிகளை மூன்று குடும்பமாகப் பிரிக்கலாம். ஜிப்ஸியும் ஜிம்னியும் பகுதிநேர வகை. 4H (நாலு சக்கர இழுவை) போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் விறைப்பாகப் பூட்டிக்கொள்ளும், நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. டஸ்டர், ஸ்கோடா எட்டி, புது கிராண்ட் விட்டாரா போன்றவை சாதாரணமாக முன்சக்கரத்தில் ஓடும். தேவைப்படும்போது கிளட்ச் தட்டுகள் அழுந்திப் பின் அச்சைச் சேர்த்துக்கொள்ளும். இந்தத் தட்டுத் தொகுப்பைத்தான் கப்ளிங் என்கிறோம்.

மூன்றாவது குடும்பத்தில் நடுவில் நிஜமான டிஃபரன்ஷியல் இருக்கும். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் ஆகியவை இந்த வகை. எஸ்டிஐ வகை சுபாருவில் நடு டிஃபரன்ஷியலின் பூட்டை ஓட்டுநரே கூட்டிக் குறைக்கலாம். எவல்யூஷனில் தார், சரளை, பனி என்று தேர்ந்தெடுக்கும் பொத்தான் உண்டு. வீடியோவில் பார்க்கும் செட்டிங் பெரும்பாலும் இந்தக் குடும்பத்துக்கானது. அதை அப்படியே டஸ்டருக்கு வைக்க முடியாது.

தார்ல 4H போட்டு ஓட்டினா என்ன ஆயிடும்?

கணக்கே போட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் விற்கும் ஐந்து கதவு ஜிம்னியின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், 2.59 மீட்டர். பின் அச்சின் நடு 6 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், முன் அச்சின் நடு சுமார் 6.5 மீட்டர் ஆரத்தில் போகும். அரைவட்டம் முடிவதற்குள் முன் அச்சு 1.7 மீட்டர் அளவுக்குக் கூடுதலாக ஓட வேண்டும். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் அந்த வித்தியாசத்துக்குப் போக வழியில்லை. மண்ணில் டயர் வழுக்கி அதைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்காது, ஷாஃப்டும் பல்சக்கரமும் முறுக்கிக்கொள்ளும். வண்டி பிரேக் பிடித்த மாதிரி இழுக்கும், முன்பக்கம் வெளியே தள்ளும், 4H-ஐ எடுக்க முயன்றால் லீவர் வராது.

அதனால் ஜிப்ஸி, ஜிம்னி வைத்திருப்பவர்கள் பொட்டலில் தாராளமாக 4H-ல் ஓட்டுங்கள். தார் என்றால் 2H-தான் (பின்சக்கர இழுவை மட்டும்), வேறு பேச்சே இல்லை.

டிஃபரன்ஷியல் என்னதான் பண்ணுது? எளிமையா சொல்லுங்க.

இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவில் 1.5 மீட்டர் இடைவெளி என்றால், ஒரு அரைவட்டத் திருப்பத்தில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 4.7 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. திருப்பம் சிறியதோ பெரியதோ, இந்த 4.7 மாறாது. இரண்டையும் ஒரே கம்பியில் கட்டிவிட்டால் ஒன்று தேய்ந்துகொண்டேதான் வரும். வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவது டிஃபரன்ஷியலின் வேலை.

சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் சமமான முறுக்கைத்தான் தரும். இங்கேதான் சிக்கல். வளைவில் உள்சக்கரம் பாரம் குறைந்து மண்ணைச் சீய்க்க ஆரம்பித்தால், அது தாங்கும் அளவுக்குத்தான் வெளிச்சக்கரத்துக்கும் கிடைக்கும். ஒரு சக்கரம் முழுதாகக் காற்றில் தூக்கிவிட்டால் அந்த அச்சில் இழுவையே இருக்காது.

எல்எஸ்டி போடுன்னு எல்லாரும் சொல்றாங்க. எது வாங்கணும்?

எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) என்பது ஒரு பக்கம் சும்மா சுற்றுவதை மட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல். பிசுபிசுப்பு வகையில் சிலிகான் திரவத்துக்குள் தட்டுகள் இருக்கும். இரண்டு பக்கமும் வேகம் மாறிய பிறகுதான் அது விழித்துக்கொள்ளும், ஆட்டோகிராஸுக்கு அந்தத் தாமதமே அதிகம். ஹெலிகல் வகையில் சாய்ந்த பல்சக்கரங்கள் இருக்கும். பிடி குறைந்த சக்கரம் தாங்குவதைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு முறுக்கை அடுத்த பக்கம் தரும். மென்மையாக வேலை செய்யும், தேயாது, ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்காது. ஆனால் பெருக்கல் கணக்குதானே? ஒரு சக்கரம் காற்றில் இருந்தால் பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம். பிளேட் வகையில் கிளட்ச் தட்டுகள் உள்ளன. ஒரு சக்கரம் தூக்கினாலும் இழுக்கும், முன்கூட்டிய அழுத்தத்தையும் (தட்டுகளைத் தொடக்கத்திலேயே அழுத்தி வைக்கும் அளவு) உள்சரிவின் கோணத்தையும் நமக்கு வேண்டியபடி வைக்கலாம். பதிலுக்குத் தட்டு தேயும், சத்தம் வரும், கழற்றிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

என் தீர்ப்பு: முன்னால் ஹெலிகல், பின்னால் பிளேட். முன்னால் கடுமையான பிளேட் வைத்தால் ஸ்டியரிங் கல் மாதிரி ஆகி, வளைவின் நடுவில் மூக்கு வெளியே தள்ளும். ஹெலிகல் அப்படியில்லை, ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மூக்கை உள்ளே இழுக்கும். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், வெளியேற்றத்தில் எந்தச் சக்கரம் மண்ணைச் சீய்க்கிறது என்று வெளியே நின்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அச்சுக்குப் போடுங்கள்.

டஸ்டர் மாதிரி வண்டிக்கு எல்எஸ்டி தேடி அலைவதை நான் ஊக்குவிப்பதில்லை. பார், ஸ்பிரிங், இடதுகால் பிரேக் ஆகியவற்றை வைத்தே உள்சக்கரத்தைத் தரையில் நிறுத்த வழி இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.

ஒன் வே, ஒன்றரை வே, டூ வேங்கிறாங்களே?

பிளேட் வகைக்கு மட்டும் உரிய பேச்சு இது. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் பூட்டினால் ஒன் வே. காலை எடுத்தாலும் அதே அளவு பூட்டினால் டூ வே. காலை எடுக்கும்போது பாதியளவு பூட்டினால் ஒன்றரை. உள்ளே இருக்கும் வளையங்களில் வெட்டியிருக்கும் சரிவின் கோணம்தான் இதைத் தீர்மானிக்கிறது. பொதுவாகக் கோணம் சிறியதானால் பூட்டு அதிகம்: 45 டிகிரி கடுமை, 80-க்கு மேல் ஏறக்குறைய பூட்டே இல்லை.

நுழைவில் பூட்டு அதிகமானால் வண்டி நேராகப் போகத்தான் விரும்பும். நிலைத்தன்மை கூடும், திரும்பும் மனம் குறையும். கோன் நெருக்கமாக இருக்கும் நம் பாதைக்கு, பின் அச்சில் ஒன்றரை போதும். முன்கூட்டிய அழுத்தத்தையும் குறைவாகவே ஆரம்பியுங்கள்.

முதல்ல எதை மாத்தணும்? ஷாக்கா, டிஃபா?

முதலில் டயரும் காற்றும். அப்புறம் தேய்ந்த புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர்), பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராடு, பால் ஜாயின்ட் எல்லாவற்றையும் புதிதாக்குங்கள். பிறகு அலைன்மென்ட், பிறகு பார், பிறகு ஷாக்கும் ஸ்பிரிங்கும், கடைசியில் டிஃபரன்ஷியல். ஆடும் புஷ்ஷை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது, நங்கூரம் போடாத வள்ளத்தில் நின்று கயிறு அளப்பது மாதிரி.

நாலு டயரும் ஒரே பிராண்ட், ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். முன்னால் புதிது, பின்னால் பழையது என்று போட்டால் விட்டம் மாறி, நேராகப் போகும்போதே நடு கப்ளிங் வேலை செய்து சூடாகும். காசை மிச்சம் பிடிக்க இரண்டு டயர் மட்டும் மாற்றிய ஒரு தம்பியின் வண்டியில் கப்ளிங்கே போய்விட்டது.

காத்து எவ்வளவு வைக்கணும்?

எண் ஒன்றைச் சொன்னால் அதையே பிடித்துக்கொள்வீர்கள், அதனால் முறையைச் சொல்கிறேன். டயரின் பக்கவாட்டு ஓரத்தில் மூன்று இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒரு ஓட்டம் ஓடி வந்து பாருங்கள். கோடு டயரின் தோளையும் தாண்டிப் பக்கச்சுவரில் அழிந்திருந்தால் டயர் மடிகிறது, காற்றைக் கூட்டுங்கள். தோள்வரைகூட அழியவில்லை என்றால் குறைக்கலாம். கம்பெனி சொன்ன அளவிலிருந்து ஆரம்பித்து, ஒரு முறைக்கு 2 பிஎஸ்ஐ வீதம் நகருங்கள்.

டயருக்குள் காற்றின் சூடு 5, 6 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ ஏறும். விடியற்காலையில் பாம்பன் பக்கத்துக் காற்றில் அளந்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு அதே எண் இருக்கும் என்று நம்பக்கூடாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் அளந்துகொள்ளுங்கள். பொட்டலில் காற்றை மிகவும் இறக்கவும் வேண்டாம். கருவேல முள் ஒருபக்கம், விளிம்பிலிருந்து டயர் கழன்றுவிடும் அபாயம் ஒருபக்கம்.

பின்னாடி பார் தடியாப் போட்டா சரியாயிடும்னாங்க. நிஜமா?

பாதி நிஜம். மீதிப் பாதியை நானே அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

1,300 கிலோ வண்டி, பாரமையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர், சக்கர இடைவெளி 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.8 ஜி பக்கவிசையில் (வண்டி எடையின் 0.8 மடங்கு) வளைந்தால் உள்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்குச் சுமார் 415 கிலோ மாறும். எந்த ஸ்பிரிங் போட்டாலும், எந்தப் பார் போட்டாலும் இந்த மொத்தம் பெரிதாக மாறாது. முன் அச்சு எவ்வளவு சுமக்கிறது, பின் அச்சு எவ்வளவு சுமக்கிறது என்ற பங்கு மட்டும்தான் மாறும். டயருக்குப் பாரத்தை இரட்டிப்பாக்கினால் பிடி இரட்டிப்பாகாது, குறைவாகத்தான் கூடும். அதனால் எந்த அச்சில் பாரமாற்றம் அதிகமோ அந்த அச்சு பிடியை இழக்கும். பின் பாரைத் தடியாக்கினால் பின் அச்சு அதிகம் சுமக்கும், முன் அச்சுக்குப் பிடி மிஞ்சும், வண்டி வளையும். நடு வளைவின் அண்டர்ஸ்டியருக்கு இது நல்ல மருந்துதான்.

இப்போது மீதிப் பாதி. ஒரு தார் போட்டிக்குப் போகும் முன், என் டஸ்டரில் மிகத் தடியான பின் பார் போட்டேன். நுழைவும் நடுவும் அருமையாக இருந்தன. ஆக்சிலரேட்டர் மிதித்ததும் உள் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிச் சும்மா சுற்றியது. பின் டிஃபரன்ஷியல் சாதாரண வகை, அதனால் பின் அச்சின் இழுவை முழுவதும் போய், வண்டி முன்சக்கர டிரைவாகவே மாறிவிட்டது. மறுபடி அண்டர்ஸ்டியர், முன்பைவிட மோசமான நேரம். நான் கப்ளிங் கெட்டுவிட்டது என்று நினைத்து அரைநாள் அதையே நோண்டினேன். கடைசியில் ஒரு பக்க லிங்க் ராடைக் கழற்றிவிட்டு ஓடியபோதுதான் கண் திறந்தது. பாரும் டிஃபரன்ஷியலும் தனித்தனி அல்ல, ஒன்றைத் தொட்டால் மற்றது பதில் சொல்லும்.

அதனால், பின்னால் சாதாரண டிஃபரன்ஷியல் இருந்தால் உள் பின்சக்கரம் தரையில் இருக்கும் அளவுக்குள் பாரை நிறுத்துங்கள். மேலும் வளைய வேண்டுமானால், பின்னால் கடுமையாக்குவதற்குப் பதில் முன் பாரைத் தளர்த்திப் பாருங்கள். பிளேட் எல்எஸ்டி இருந்தால் பின்னால் இன்னும் கொஞ்சம் போகலாம்.

வண்டியை எவ்வளவு இறக்கலாம்?

ஸ்ட்ரட் வகை (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும்) முன் சஸ்பென்ஷனில், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்ம் தரைக்கு இணையாக இருக்கும் இடம் வரைக்கும். அதைத் தாண்டி இறக்கினால் ஆர்மின் வெளிமுனை மேலே ஏறிவிடும். அப்புறம் வண்டி சாயச் சாய நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருப்பது) குறையும், சாய்வும் கூடும். இறக்கியும் வளையாத வண்டிகளின் ரகசியம் பெரும்பாலும் இதுதான். பொட்டலில் ஓடும் வண்டியை இறக்கவே வேண்டாம். சஸ்பென்ஷனுக்கு நீளமான அசைவு அங்கே தங்கம் மாதிரி.

ஷாக்ல ரெண்டு திருகு இருக்கு. எதை எப்பத் திருகணும்?

ஒன்று அழுந்தும்போது எதிர்ப்பது, மற்றது விரியும்போது எதிர்ப்பது. வண்டி எவ்வளவு சாயும் என்பதை ஷாக் தீர்மானிக்காது, எவ்வளவு சீக்கிரம் சாயும் என்பதைத்தான் தீர்மானிக்கும். அதனால் இதன் ஆட்சி நுழைவிலும், இடம் வலம் என்று மாறும் கோன் வரிசையிலும்தான். திருப்பியதும் மூக்கு தயங்கினால் பின் ஷாக்கின் விரிவு எதிர்ப்பை இரண்டு கிளிக் கூட்டுங்கள், அல்லது முன்னால் விரிவை இரண்டு கிளிக் குறைத்துப் பாருங்கள்.

விரிவை அளவுக்கு மீறிக் கடுமையாக்கினால், மேடுபள்ளத்தில் ஷாக் விரிந்து திரும்பும் முன்பே அடுத்த மேடு வரும். வண்டி படிப்படியாகக் கீழே உட்கார்ந்துவிடும், டயர் தரையை விட்டுத் துள்ளும். முழுதாக மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக் திறந்திருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். மறந்துபோன செட்டிங் யாருக்கும் உதவாது.

அலைன்மென்ட் கடைக்காரர் கம்பெனி அளவுதான் வைப்பேங்கிறார். என்ன பண்றது?

அவர் சாலைக்குப் பார்க்கிறார், தப்பில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் தங்கூசி நரம்பைச் சக்கர மைய உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். இழுத்துக் கட்டிய நரம்பு விறைப்பாக நிற்கும், காற்றுக்கும் அதிகம் ஆடாது, மீன்பிடி சாமான் கடையில் எங்கும் கிடைக்கும். இரண்டு நரம்பும் ஒன்றுக்கொன்று இணையாக, வண்டியின் நடுவுக்குச் சமதூரத்தில் இருக்க வேண்டும். முன் அச்சும் பின் அச்சும் ஒரே அகலமாக இருக்காது, அதைக் கணக்கில் எடுங்கள். ரிம்மின் முன்விளிம்பிலிருந்தும் பின்விளிம்பிலிருந்தும் நரம்புக்கு உள்ள தூரத்தை மில்லிமீட்டர் அளவுகோலால் அளந்தால் டோ தெரிந்துவிடும்.

முன்னால் பக்கத்துக்கு 1 மில்லிமீட்டர் டோ-அவுட் (சக்கரத்தின் முன்விளிம்பு வெளியே பார்ப்பது) வைத்தால் மூக்கு சுறுசுறுப்பாகும். பின்னால் பூஜ்யம். பின்னாலும் டோ-அவுட் வைத்தால் நன்றாகச் சுற்றும், ஆனால் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகும் வண்டிக்கு அது வேண்டாம், மழையில் ஆபத்து. கேம்பர் தாருக்கு முன்னால் நெகட்டிவ் 2.5-லிருந்து 3 டிகிரி, பின்னால் அதைவிட அரையோ ஒன்றோ குறைவு. மண்ணுக்கு முன்னால் 1-லிருந்து 1.5 போதும். காஸ்டரை (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) கூட்ட வழியிருந்தால் கூட்டுங்கள், திருப்பும்போது மட்டும் கேம்பர் தரும் நல்ல சங்கதி அது. ஜிப்ஸி, ஜிம்னி மாதிரி இரண்டு சக்கரத்தையும் ஒரே விறைப்பான அச்சில் பூட்டிய வண்டிகளில் கேம்பருக்கு இடமில்லை. அவர்கள் காற்றிலும் ஷாக்கிலும் கவனத்தை வைக்கலாம்.

பொட்டல்ல பிரமாதமா ஓடுது. கோயம்புத்தூர் தார்ல போனா எருமை மாதிரி நிக்குது. ஏன்?

மண்ணில் பிடி குறைவு, அதனால் பாரமாற்றமும் குறைவு. மென்மையான ஸ்பிரிங், தளர்ந்த பார், நீளமான அசைவு, நடுவில் அதிகப் பூட்டு எல்லாம் அங்கே நன்மை. பலர் மண்ணுக்கு முன் பாரைக் கழற்றியே விடுகிறார்கள். தாரில் அதே செட்டிங் சாய்ந்து, டயரின் வெளித்தோளில் ஏறி நிற்கும். நடுவில் பூட்டு அதிகமிருந்தால், 4H பற்றிச் சொன்ன அதே காரணத்தால் மூக்கு தள்ளும்.

தாருக்கு ஸ்பிரிங்கும் பாரும் கடுமை, கேம்பர் அதிகம், நடுப்பூட்டு குறைவு. இரண்டுக்கும் இரண்டு பக்கம் நோட்டில் ஒதுக்குங்கள். நம் பொட்டலிலும் ஒரே மண் இல்லை. காய்ந்த களர் கிட்டத்தட்ட சிமென்ட் மாதிரி பிடிக்கும். காற்று வீசி அதன்மேல் மணலைப் பரப்பிவிட்டால், அதே இடம் கோலிக்குண்டு கொட்டிய தரை. ஓட்ட ஓட்ட மணல் விலகிக் கோடு விழும். முதலில் ஓடியவரின் நேரத்தையும் கடைசியில் ஓடியவரின் நேரத்தையும் ஒப்பிட்டு, செட்டிங் ஜெயித்தது என்று சொல்லாதீர்கள்.

ஹேண்ட்பிரேக் இழுத்தா பின்பக்கம் சுத்த மாட்டேங்குது. கேபிள் கோளாறா?

கேபிள் சரியாகவே இருக்கலாம். நடுவில் பூட்டியிருந்தால் பின்சக்கரம் முன்சக்கரத்தோடு கட்டுண்டிருக்கிறது. பின்னை நிறுத்தப் பார்த்தால் முன்னும் சேர்ந்து நிற்கும், எஞ்சின் அணையும். சில வண்டிகளில் ஹேண்ட்பிரேக் இழுத்ததும் நடுப்பூட்டு தானே விலகும், மற்றவற்றில் திரும்பத் திரும்ப இழுப்பது கப்ளிங்குக்குக் கேடு.

அதற்கு பதில் இடதுகால் பிரேக் பழகுங்கள். ஆக்சிலரேட்டரை விடாமல் இடதுகாலால் பிரேக்கை லேசாகத் தொட்டால் பாரம் முன்னால் வந்து மூக்கு கடிக்கும், பின்பக்கம் லேசாகி விலகும். டர்போ வண்டியில் எஞ்சினும் தூங்காது. ஹெலிகல் டிஃபரன்ஷியலில் தூக்கிய சக்கரத்துக்கு அந்த பிரேக்கே எதிர்ப்பைத் தருவதால், அடுத்த பக்கம் முறுக்கு போகும். குவாட்ரோ ஓட்டியவர்கள் கையாண்ட வித்தை இது. ஆரம்பத்தில் இடதுகால் கிளட்ச் மாதிரி ஓங்கி மிதிக்கும். வெற்றிடத்தில், மெதுவான வேகத்தில் பழகுங்கள்.

லாக் மோடு போட்டு ஓட்டினா கொஞ்ச நேரத்துல தானா விட்டுடுது.

லாக் மோடு என்பது கப்ளிங்கை அழுத்திப் பின் அச்சைச் சேர்த்தே வைக்கும் பொத்தான். கப்ளிங் தட்டுகள் சூடானால், தன்னைக் காத்துக்கொள்ள விலகிவிடும். வேகம் கூடினாலும் பல வண்டிகளில் லாக் விலகி ஆட்டோவுக்கு வந்துவிடும். அடுத்தடுத்து மூன்று ஓட்டம் ஓடாமல், ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நிமிடம் ஆறவிடுங்கள். ஈஎஸ்பியை (வண்டி வழுக்காமல் தானாக பிரேக் பிடிக்கும் மின்னணு ஏற்பாடு) அணைக்க வழியிருந்தால் அணையுங்கள். வண்டி சுற்ற ஆரம்பித்த நொடியில் அது பிரேக்கைப் பிடித்து உங்கள் செட்டிங்கையெல்லாம் மறைத்துவிடும். சாலையில் ஏறும்போது மறக்காமல் மறுபடி போட்டுவிடுங்கள்.

மாத்தினது நல்லதா கெட்டதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஒரு முளையடித்து, 15 மீட்டர் கயிறு கட்டி, சுண்ணாம்பால் வட்டம் போடுங்கள். வண்டியின் நடு அந்தக் கோட்டில் ஓடும்படி வழுக்காமல் எவ்வளவு வேகமாகச் சுற்ற முடியுமோ சுற்றி, ஒரு சுற்றின் நேரத்தைக் குறியுங்கள். 60-ஐ அந்த நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் எத்தனை ஜி என்று கிடைக்கும். 11 வினாடி என்றால் 60-ஐ 121-ஆல் வகுக்க, சுமார் 0.5 ஜி. இது நடு வளைவின் அளவு. அதே வட்டத்தில் திடீரென ஆக்சிலரேட்டரை மிதித்தால் வெளியேற்றத்தின் குணம் தெரியும். காலை எடுத்தால் நுழைவின் குணம் தெரியும். இடப்பக்கமும் வலப்பக்கமும் சுற்றுங்கள்.

ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம். மாற்றிய பின் மூன்று ஓட்டம். அப்புறம் பழைய செட்டிங்குக்கே திரும்பி ஒரு ஓட்டம். பழையதும் வேகமாகிவிட்டால் மாறியது வண்டி அல்ல, தரையோ உங்கள் கையோதான்.

உப்புக்காத்துல இதெல்லாம் தாங்குமா?

பராமரித்தால் தாங்கும். விட்டுவிட்டால் ஒரே வருடத்தில் ஷாக் திருகு உறைந்துவிடும், கோய்லோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பு) மரை வளையம் அசையாது. மாதம் ஒரு முறை எல்லாத் திருகையும் முழுதாக மூடித் திறந்து, எழுதி வைத்த எண்ணில் நிறுத்துங்கள். மரைக்கு கிரீஸ் தடவித் துணியுறை போடுங்கள்.

கழுவுவதற்கு போர் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்தில் பெரும்பாலும் அது உவர், உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே ஊற்றுவதாகிவிடும். ஊரணித் தண்ணீரிலும் கை வைக்காதீர்கள், ஊரே குடிக்கக் காத்திருக்கும் தண்ணீர் அது. ஓட்டு மழைநீரை டிரம்மில் பிடித்து வையுங்கள், அடிப்பாகத்துக்கு இரண்டு குடம் போதும். டிஃபரன்ஷியலின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரில் இறங்கிக் குளிர்ந்தால் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். வடிக்கும் ஆயில் பால் டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

தனுஷ்கோடி மணல்ல பழகலாமா?

கூடாது. ஆமை முட்டையிடும் கரை அது, மன்னார் வளைகுடாவின் காக்கப்படும் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. வலை உலர்த்துபவர்களும் சுற்றுலா வரும் குடும்பங்களும் நடமாடும் இடம். காய்ந்த கண்மாய்க்குள் இறங்குவதற்கும் அனுமதி வேண்டும். பட்டா நிலம், உரிமையாளர் சம்மதம், ஹெல்மெட், தீயணைப்பான். இந்த நான்கும் இல்லாமல் எங்கள் பொட்டலில் யாரையும் ஓட்டவிடுவதில்லை.

புது எல்எஸ்டி போட்டேன். மெதுவாத் திரும்பும்போது கடகடன்னு சத்தம். தப்பா மாட்டிட்டாங்களா?

பிளேட் வகை என்றால் முதலில் ஆயிலைக் கேளுங்கள். அதற்கு எல்எஸ்டிக்கென்று குறிப்பிட்ட, உராய்வைச் சீராக்கும் மருந்து கலந்த ஜிஎல்-5 கியர் ஆயில் வேண்டும். சாதாரண ஆயில் ஊற்றினால் தட்டுகள் ஒட்டி ஒட்டி விடும், அந்தக் கடகடப்புதான் அது. ஹெலிகலுக்கு இந்த மருந்து தேவையில்லை.

சரியான ஆயில் ஊற்றியிருந்தால், பொட்டலில் மெதுவாக எட்டு போடுங்கள். இருபது நிமிடம், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தும் விட்டும். ஆறவிட்டு மறுபடி இருபது நிமிடம். சூடாக இருக்கும்போதே ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். முதல் ஆயில் கறுத்து, பொடி கலந்து வரும், அது இயல்பு. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் பசை மாதிரி ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம். விரலில் குத்தும் சில்லு இருந்தால் ஓட்டாமல் கட்டி இழுத்துக்கொண்டு வாருங்கள், கழற்றிப் பார்க்கலாம்.